பழைய மெட்டில் புதுப் பாட்டு: பாப் டிலனின் 'மாடர்ன் டைம்ஸ்' வழியே ப்ளூஸ் அறிமுகம்

பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். பாட்டின் தலையில் ராகம், தாளம் போட்டிருக்கும். பக்கத்திலேயே இன்ன பாட்டின் 'வர்ணமெட்டு' என்று ஒரு வரி இருக்கும். மெட்டு இரவல், சாகித்யம் புதிது. யாரும் அதை ஒளித்ததில்லை. தெரிந்த மெட்டு என்றால் புத்தகத்தை வாங்குகிறவர் வீட்டுக்குப் போனதும் பாடிவிடலாம் என்ற வியாபாரக் கணக்கும் அதில் உண்டு.

2006 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவில் வெளிவந்த பாப் டிலனின் 'மாடர்ன் டைம்ஸ்' ஆல்பத்தில் அந்த ஒரு வரிதான் இல்லை. பத்துப் பாட்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். எல்லாப் பாட்டையும் எழுதியவர் பாப் டிலன் என்று போட்டிருக்கிறது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட பாட்டுகளில் மெட்டோ, பல்லவியோ, வரியோ 1857-லிருந்து 1950-கள் வரை வேறு யாரோ பாடியது. அந்த விடுபட்ட வரியை ஒவ்வொரு பாட்டின் தலையிலும் நாமே எழுதிப் பார்த்தால் அமெரிக்க நாட்டுப்புற இசையும் ப்ளூஸும் எப்படி வேலை செய்கின்றன என்பது பிடிபட்டுவிடும். ஆரம்பக்காரர்களுக்கு இந்த ஆல்பம் நல்ல பாடப்புத்தகம் என்பதற்கு அதுதான் காரணம்.

டிலனைப் பற்றித் தேவையான அளவுக்கு மட்டும்: அமெரிக்கப் பாடகர், பாட்டும் எழுதுகிறவர். 1941-ல் பிறந்தவர். 1962-ல் வந்த முதல் ஆல்பத்தில் 13 பாட்டு. அவர் சொந்தமாக எழுதியவை இரண்டே இரண்டு, மற்றவை பழைய நாட்டுப்புறப் பாட்டும் ப்ளூஸும். 1992, 1993 ஆகிய ஆண்டுகளில் மறுபடியும் ஒற்றைக் கிட்டாரோடு உட்கார்ந்து இரண்டு ஆல்பம் முழுக்கப் பழைய பாட்டுகளையே பாடினார். 'மாடர்ன் டைம்ஸ்' வந்தபோது வயது 65. ஜாக் ஃப்ராஸ்ட் என்ற புனைபெயரில் தானே தயாரித்தார். 1976-க்குப் பிறகு அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு தரவரிசைப் பட்டியலில் அவருக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தது இதுதான். பத்து வருடம் கழித்து நோபல் பரிசு வந்தது என்பது வேறு கதை.

பன்னிரண்டு பார் என்றால் என்ன?

ப்ளூஸ் என்றால் சோகப் பாட்டு என்று ஒரு எண்ணம் இருக்கிறது. சோகம் உண்டு, கேலியும் உண்டு, காமமும் உண்டு. அடையாளம் உணர்ச்சியில் இல்லை, சட்டகத்தில் இருக்கிறது. ஒரு 'பார்' என்பது நான்கு அடி. பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று, அதாவது 48 அடி. ஒரு சுற்றில் ஒரு கண்ணி முடியும். பிறகு அதே சுற்று மறுபடி, வேறு கண்ணியோடு.

இந்தச் சுற்றுக்குள் மூன்றே மூன்று கார்ட்தான். கார்ட் என்பது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க விடுவது. ஸ்வரம் தெரிந்தவர்களுக்குச் சொல்வதென்றால், ஷட்ஜத்தின் மேல் ஒன்று, சுத்த மத்யமத்தின் மேல் ஒன்று, பஞ்சமத்தின் மேல் ஒன்று. முதல் நான்கு பார் ச, ச, ச, ச. அடுத்த நான்கு ம, ம, ச, ச. கடைசி நான்கு ப, ம, ச, ச. கிட்டாரில் ஏ கட்டையில் வாசித்தால் ஏ, டி, ஈ. கீபோர்டில் சி-யிலிருந்து என்றால் சி, எஃப், ஜி. கடைசி பாரில் மட்டும் ச-வுக்குப் பதில் ப-வைப் போட்டு அடுத்த சுற்றுக்குத் தள்ளிவிடுவார்கள். சிலர் இரண்டாவது பாரிலேயே ஒரு தடவை ம-வுக்குப் போய்த் திரும்புவார்கள். இந்த இரண்டு வேறுபாடும் தெரியாமல் கேட்டால், கணக்கைத் தவறவிட்டோமோ என்று தோன்றும்.

எண்ணுவதற்கு விரல் போதும். ஆள்காட்டி விரலில் மூன்று கணு, ஒரு நுனி: நான்கு பார். நடுவிரல் அடுத்த நான்கு, மோதிர விரல் கடைசி நான்கு. கட்டைவிரலை ஒவ்வொரு பாருக்கும் ஒரு கணு நகர்த்துங்கள். நடுவிரல் தொடங்கும்போது கார்ட் ம-வுக்கு மாற வேண்டும், மோதிர விரல் தொடங்கும்போது ப-வுக்கு. பெரும்பாலோர் வழுக்கி விழுவது ஒன்பதாவது பாரில். ப ஒரே ஒரு பார்தான், உடனே ம. அந்த வேகத்தைக் காது எதிர்பார்ப்பதில்லை.

இதற்கு மேல் வரிகள் உட்காரும் விதம் அழகானது. முதல் நான்கு பாரில் ஒரு வரி. அடுத்த நான்கில் அதே வரி மறுபடி. கடைசி நான்கில் அதற்குப் பதில் சொல்லும் புது வரி. பாடகர் திருப்பிச் சொல்வது அதே வார்த்தைகள்தான், ஆனால் அடியில் இருக்கும் கார்ட் மாறிவிட்டது. அதனால் இரண்டாவது முறை கேட்கும்போது வேறு அர்த்தம் ஏறிவிடுகிறது. நின்ற இடத்தில் கட்டிப் பாடுகிறவருக்கு அந்தத் திருப்பிப் பாடும் நேரம் மூன்றாவது வரியை யோசிக்கவும் உதவும். ஒவ்வொரு வரியும் நான்கு பாரையும் நிரப்பாது. ஏறக்குறைய இரண்டு பாரில் குரல் முடிந்துவிடும், மிச்சம் கிட்டாருக்கு. குரல் கேட்கிறது, கிட்டார் பதில் சொல்கிறது. புதிதாகப் பாடுகிறவர்கள் அந்த இடத்தையும் வார்த்தையால் அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் பாட்டு மூச்சு முட்டும்.

தாளம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஒவ்வொரு அடியும் இரண்டாகப் பிரிவதில்லை, மூன்றாகப் பிரிகிறது: தகிட. அதில் த, ட இரண்டை மட்டும் தட்ட வேண்டும், கி மௌனம். ஷஃபிள் என்பது இவ்வளவுதான். சரிபாதியாக வெட்டி வாசித்தால் கார்டெல்லாம் சரியாக இருந்தும் பாட்டு ராணுவ அணிவகுப்பு மாதிரி நடக்கும்.

ஸ்வரங்களில் ஒரு விசேஷம். ப்ளூஸ் பாடகர் பெரும்பாலும் உலாவுவது ச, சாதாரண காந்தாரம், ம, ப, கைசிகி நிஷாதம் என்ற ஐந்தில். நம் சுத்த தன்யாசியின் ஸ்வரங்களும் இவையே. ஆனால் கீழே கிட்டார் வாசிக்கும் கார்டில் இருப்பது அதற்கு அரைக் கட்டை மேலே உள்ள அந்தர காந்தாரம். குரல் ஒரு காந்தாரம், வாத்தியம் இன்னொரு காந்தாரம். பாடகர் இரண்டுக்கும் நடுவே ஒரு இடத்தைத் தொட்டு இழுப்பார். 'ப்ளூ நோட்' என்பது அந்த இடைப்பட்ட இடம். பியானோவில் அது கிடையாது. அதனால் அடுத்தடுத்த இரண்டு கட்டையையும் ஒட்டி அழுத்தி ஒப்பேற்றுவார்கள். கிட்டாரில் கம்பியைச் சற்றே தள்ளினால் கிடைக்கும். அதிகம் தள்ளி அந்தர காந்தாரத்திலேயே போய் நின்றுவிட்டால் ப்ளூஸ் போய்விடும்.

மெம்ஃபிஸ் மின்னி: பேர் போடாமல் இரண்டு முறை

சட்டகம் தெரிந்துவிட்டது. இனி ஆல்பத்துக்குள் போகலாம். முதலில் கேட்க வேண்டியது ஒன்பதாவது பாட்டு, 'த லெவீஸ் கான்னா ப்ரேக்'. மேலே சொன்ன திருப்பிப் பாடும் அமைப்பு இதில் பளிச்சென்று தெரியும்.

லெவீ என்பது ஆற்றோரம் எழுப்பிய மண் கரை. 1927-ல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்தது. ஏப்ரல் 21 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் மௌண்ட்ஸ் லேண்டிங்கில் கரை உடைப்பெடுத்தது. அந்த வெள்ளத்தில் மொத்தம் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் நிலம் மூழ்கியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு இழந்தார்கள். கிரீன்வில் நகரத்தில் கறுப்பினத் தொழிலாளர்களைக் கரையின் மேலேயே முகாம் போட்டு நிறுத்தி, காவலுக்கு ஆள் வைத்து வேலை வாங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1929-ல், கான்சஸ் ஜோ மெக்காயும் அவர் மனைவி மெம்ஃபிஸ் மின்னியும் நியூயார்க்கில் 'வென் த லெவீ ப்ரேக்ஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். பாடியது ஜோ. இரண்டு கிட்டாரில் ஒன்று மின்னியுடையது. மழை விடாவிட்டால் கரை நிற்காது என்பதுதான் பாட்டின் முதல் வரி, இரண்டாவது வரி, மொத்தப் பயம்.

1971-ல் லெட் செப்லின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு அதே பாட்டை இடி முழக்கமாக மாற்றியபோது தங்கள் நால்வர் பெயரோடு மெம்ஃபிஸ் மின்னியின் பெயரையும் போட்டது. பாடிய ஜோவின் பெயர் விட்டுப்போனது. டிலனின் 2006 பாட்டில் இருவர் பெயரும் இல்லை. தொடக்க வரி பழையது. மெட்டும் நடையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் கண்ணிகளில் பெரும்பகுதி அவருடையது. கட்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கரைகள் உடைந்தது 2005 ஆகஸ்ட் 29. ஆல்பம் வெளியான நாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: சரியாக ஓராண்டு. டிலன் புயலின் பெயரைச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பழைய வரியைத் திருப்பிப் பாடினாலே கேட்கிறவர் மனசு நியூ ஆர்லியன்ஸுக்குத்தான் போகும். இரவல் வரிக்கு இருக்கும் பலம் இது. புதிதாக எழுதிய வெள்ளப் பாட்டு ஒரு வெள்ளத்தைப் பற்றித்தான் பேசும். இது இரண்டைப் பற்றிப் பேசுகிறது.

மின்னி இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கிறார். முதல் பாட்டான 'தண்டர் ஆன் த மௌண்டன்' இசையில் 1950-களின் ராக் அண்ட் ரோல் சாயல் கொண்டது. அதில் டிலன் திடீரென்று அலிசியா கீஸை நினைத்துப் பார்க்கிறார். அவரைத் தேடி டென்னசி வரை போனதாகச் சொல்கிறார். 1981-ல் பிறந்த பாப் பாடகியை 65 வயதுக்காரர் ஏன் தேடுகிறார் என்று அப்போது பலரும் சிரித்தார்கள். விடை 1940-ல் இருக்கிறது. 'ப்ளூஸின் தாய்' என்று பெயரெடுத்த மா ரெய்னி 1939 டிசம்பரில் இறந்தார். அடுத்த வருடம் மெம்ஃபிஸ் மின்னி அவருக்காக ஒரு அஞ்சலிப் பாட்டு பதிவு செய்தார். நினைப்பதும், எங்கே இருக்கிறாரோ என்று ஏங்குவதும், டென்னசி வரை தேடுவதும் எல்லாம் அதில் வருகிறது. டிலன் செய்தது பெயரை மாற்றியதுதான். பெயர் மட்டும் மாறியதும் ஒப்பாரி, வழிசலாக ஆகிவிட்டது. ப்ளூஸில் இப்படிப் பாட்டுக்குப் பாட்டு தாவும் வரிகளை மிதக்கும் வரிகள் என்பார்கள். காலையில் எழுந்தேன் என்று தொடங்கும் கண்ணிகள் எத்தனை பாட்டில் இருக்கின்றன என்று எண்ணி மாளாது. அவை யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் மின்னியின் அந்தக் கண்ணி மிதக்கும் வரி அல்ல, ஒருவர் ஒருவருக்காக எழுதியது. இந்த வேறுபாட்டைப் பிறகு சட்டத்தில் பார்ப்போம்.

'ரோலின் அண்ட் டம்ப்ளின்': ம-வில் தொடங்கும் பாட்டு

பன்னிரண்டு பாரை விரலில் எண்ணப் பழகியவர்கள் மூன்றாவது பாட்டில் தடுமாறுவார்கள். இதில் முதல் பார் ச-வில் இல்லை, ம-வில் தொடங்குகிறது: ம, ம, ச, ச, மறுபடி ம, ம, ச, ச, பிறகு ப, ம, ச, ச. வழக்கமான சுற்றில் ஐந்தாவது பாரில் வர வேண்டியது இங்கே வாசலிலேயே நிற்கும். முதல் வரி முடியும்போதுதான் ச-வுக்கு வந்து கால் ஊன்றும். அதனால் ஒவ்வொரு கண்ணியும் ஏதோ நடுவிலிருந்து ஆரம்பித்த மாதிரி இருக்கும். தூக்கம் வராமல் புரண்டு புரண்டு படுப்பதைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டகம் கிடையாது.

இதன் பழைய பதிவு 1929-ல் ஹாம்போன் வில்லி நியூபெர்ன் பாடியது. ராபர்ட் ஜான்சன் 1936-ல் இதே மெட்டில் வேறு வார்த்தை போட்டார். மட்டி வாட்டர்ஸ் 1950-ல் சிகாகோவில் பதிவு செய்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த வடிவம். க்ரீம் குழு 1966-ல் வாசித்தது. டிலனின் பாட்டில் தொடக்கமும் ரிஃபும் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துணுக்கு) மட்டி வாட்டர்ஸை ஒட்டியே போகின்றன. அப்புறம் வரும் கண்ணிகள் புதியவை. தலைப்பைக்கூட மாற்றவில்லை. மறைக்க நினைக்கிறவர் தலைப்பையாவது மாற்றியிருப்பார்.

கிட்டாரில் இதை முயல்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். சாதாரண ட்யூனிங்கில் இதன் ஓசை வராது. ஓபன் ஜி வேண்டும், அதாவது எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி கார்ட் ஒலிக்கும் ட்யூனிங்: தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. ஸ்வரத்தில் ப, ச, ப, ச, க, ப. சாதாரண ட்யூனிங்கிலிருந்து இதற்கு வர மூன்று கம்பிகளை மட்டும் இறக்கினால் போதும்: ஆறாவது ஈ-யை டி-க்கு, ஐந்தாவது ஏ-யை ஜி-க்கு, முதல் ஈ-யை டி-க்கு. ஏ கட்டையில் வேண்டுமென்று ஓபன் ஏ-க்கு முறுக்கினால் மூன்று கம்பிகள் முழுக் கட்டை ஏறும். அகூஸ்டிக் கிட்டாரில் கம்பி அறுவதும், பாலம் தூக்கிக்கொள்வதும் அப்படித்தான் நடக்கிறது. ஓபன் ஜி-யிலேயே வைத்து இரண்டாவது ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிடுக்கி) போடுங்கள், அதே ஏ கிடைக்கும்.

ஸ்லைடு என்பது சுண்டுவிரலில் மாட்டும் கண்ணாடி அல்லது உலோகக் குழாய். முன்பு பாட்டில் கழுத்தை வெட்டி மாட்டினார்கள். இதில் நடக்கும் தவறுகள் மூன்று. விரலால் அழுத்துவது போல ஃப்ரெட்டுக்குப் பின்னால் வைத்தால் சுருதி இறங்கியே இருக்கும். ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே வைக்க வேண்டும். அழுத்தினால் கடகடவென்று உலோகத்தில் இடிக்கும். கம்பியைத் தொட்டால் போதும். மூன்றாவது, குழாய்க்குப் பின்னால் இருக்கும் கம்பிப் பகுதியும் சேர்ந்து அதிரும். ஆள்காட்டி, நடுவிரல் இரண்டையும் குழாய்க்குப் பின்னால் கம்பி மேல் மெல்லப் படர விட்டால் அந்த இரைச்சல் அடங்கும்.

மற்றவை, சுருக்கமாக

ஐந்தாவது பாட்டு 'சம்டே பேபி' பன்னிரண்டு பார் அல்ல. ஸ்லீப்பி ஜான் எஸ்டஸ் 1935-ல் பாடிய ப்ளூஸின் வம்சம் இது. எட்டு பார் சுற்று. இரண்டு வரி, பிறகு மாறாத ஒரு முடிவு வரி. எப்போதோ ஒரு நாள் உன்னால் எனக்குக் கவலை இருக்காது என்பதே அந்த முடிவு. பிக் மேசியோ 1941-ல் ஒரு விதமாகவும் மட்டி வாட்டர்ஸ் 1955-ல் இன்னொரு விதமாகவும் இதைப் பாடினார்கள். டிலனுக்கு இந்தப் பாட்டு சிறந்த ராக் தனிக்குரலுக்கான கிராமியைக் கொடுத்தது. அதே விழாவில் முழு ஆல்பத்துக்கும் கிடைத்தது சமகால நாட்டுப்புற இசைக்கான கிராமி. எந்தப் பெட்டியில் போடுவதென்று பரிசு கொடுத்தவர்களுக்கே தெரியவில்லை போலும்.

'வொர்க்கிங்மேன்ஸ் ப்ளூஸ் நம்பர் 2' என்பதில் பேரில்தான் ப்ளூஸ் இருக்கிறது. பன்னிரண்டு பாரும் இல்லை, திருப்பிப் பாடுவதும் இல்லை. நிதானமாகப் போகும் மேஜர் கட்டைப் பாட்டு, அதாவது அந்தர காந்தாரம் கொண்டது. அந்த 'நம்பர் 2' எதற்கு? கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்ட் 1969-ல் 'வொர்க்கின் மேன் ப்ளூஸ்' பாடினார். அதற்கு ஒரு கும்பிடு. 2005-ல் இருவரும் ஒரே மேடைச் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள்.

'வென் த டீல் கோஸ் டௌன்', 'பியாண்ட் த ஹொரைஸன்' இரண்டின் மெட்டும் நாட்டுப்புறத்திலிருந்தோ ப்ளூஸிலிருந்தோ வந்தவை அல்ல. முதலாவது பாடகர் பிங் க்ராஸ்பியின் 1931 வானொலி அடையாளப் பாட்டை ஒட்டியது. இரண்டாவது 'ரெட் செய்ல்ஸ் இன் த சன்செட்' என்ற 1935 பாட்டை ஒட்டியது. மூன்று கார்ட் கணக்கு இவற்றில் செல்லாது. ஆல்பத்தில் எனக்குக் கொஞ்சம் சலிப்பூட்டுபவையும் இவைதான். ஆனால் எட்டாவது பாட்டுக்கு முன்னால் காதுக்கு ஒரு ஓய்வு வேண்டியிருக்கிறது.

அந்த எட்டாவது பாட்டு 'நெட்டி மூர்'. 1857-ல் பாஸ்டனில் அச்சான ஒரு பாட்டின் பல்லவியிலிருந்து இரண்டு வரியை எடுத்துத் தன் பல்லவியில் வைத்திருக்கிறார். அந்தப் பழைய பாட்டுக்கு இசை ஜேம்ஸ் பியர்பாண்ட். கிறிஸ்துமஸ் பாட்டான 'ஜிங்கிள் பெல்ஸ்' எழுதியவரும் அவரே, அதே வருடம். மூலப் பாட்டில் நெட்டி ஒரு அடிமைப் பெண். லூசியானாவிலிருந்து வந்த வியாபாரி எஜமானுக்குக் காசு கொடுத்து, விலங்கு மாட்டி அவளைக் கொண்டுபோய்விடுகிறான். அவளுடைய காதலன் புலம்புகிறான். டிலன் விலங்கையும் வியாபாரியையும் தன் பாட்டில் கொண்டுவரவில்லை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, ட்ரம்ஸை ஏறக்குறைய ஒரே சீரான தட்டாகக் குறைத்துவிட்டார். மூலம் தெரியாமல் கேட்டால் பிரிந்துபோன காதலியைப் பற்றிய பாட்டு. தெரிந்து கேட்டால் அந்தத் தட்டு நெஞ்சில் இடிக்கும்.

வரிகளிலும் இப்படித்தான். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தென் மாநிலங்களின் கவிஞராக இருந்த ஹென்றி டிம்ராட் 1867-ல் இறந்தார். அவருடைய சொற்றொடர்கள் ஆல்பம் முழுக்கச் சிதறிக் கிடப்பதை வெளியான சில வாரத்திலேயே ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் நாடு கடத்தப்பட்டபோது எழுதியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்தும் வரிகள் வந்திருக்கின்றன. நாட்டுப்புற இசையிலும் ஜாஸிலும் மேற்கோள் ஆள்வது வளமான மரபு என்று 2012-ல் ஒரு பேட்டியில் டிலன் காட்டமாகவே சொன்னார். மரபு உண்மைதான். ஆனால் 1993 ஆல்பத்தின் உறைக் குறிப்பில் ஒவ்வொரு பாட்டையும் யாரிடமிருந்து கேட்டேன் என்று அவரே எழுதினார். அப்போது முடிந்தது 2006-ல் ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு அந்தப் பதில் போதாது.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

பாட்டு எழுத விரும்புகிறவர்களுக்கு இது நடைமுறைக் கேள்வி. பன்னிரண்டு பார் சட்டகம், ச-ம-ப கார்ட் வரிசை, ஷஃபிள் தாளம், திருப்பிப் பாடும் அமைப்பு இவை பொதுச் சொத்து. யாரும் வழக்குப் போட முடியாது. மிதக்கும் வரிகளும் அப்படியே. ஒருவர் இயற்றிய மெட்டும், அவர் எழுதிய வரிகளும் சொத்துரிமை உள்ளவை. 2006-ல் அமெரிக்காவில் 1923-க்கு முன் வெளியானவை எல்லாம் பொதுவுடைமை ஆகியிருந்தன. அதனால் 'நெட்டி மூர்' விஷயத்தில் சட்டச் சிக்கலே இல்லை. அந்தக் காலத்து வெளியீடுகளுக்கு இப்போது அங்கே கணக்கு வெளியானதிலிருந்து 95 வருடம். இந்தியாவில் இயற்றியவர் இறந்து 60 வருடம்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. பாட்டின் உரிமை முடிந்திருந்தாலும், பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி உங்கள் பாட்டில் ஒட்டினால் பதிவின் உரிமை குறுக்கே வரும். அமெரிக்காவில் 1923 முதல் 1946 வரை வெளியான பதிவுகளுக்கு 100 வருடம். 1929-ல் வெளியான தட்டு, நூறாவது வருடம் முழுதாக முடிந்த பிறகு, அங்கே 2030 தொடக்கத்தில்தான் விடுதலையாகும்.

ஒரு கண்ணி எழுதிப் பாருங்கள்

சட்டகம் கைக்கு வர ஒரே வழி எழுதிப் பார்ப்பதுதான். மெட்ரோனோமை (சீராக அடி தட்டிக்கொண்டே இருக்கும் கருவி) நிமிடத்துக்கு 96 அடியில் வையுங்கள். ஒரு சுற்று சரியாக 30 விநாடி வரும். தகிட சொல்லிக்கொண்டே கார்டை மட்டும் நான்கு சுற்று வாசியுங்கள், பாடாமல். பிறகு வரி. தமிழில் எழுத ஒரு தடையும் இல்லை. உதாரணத்துக்கு:

ராவெல்லாம் மழை கொட்டி ரோட்டுல ஆறு ஓடுது
ராவெல்லாம் மழை கொட்டி ரோட்டுல ஆறு ஓடுது
சாவி மட்டும் கையில, சாமி, வீட்டைத்தான் கண்ணு தேடுது

கடைசியில் ஓடுது, தேடுது என்று இயைபு விழுகிறது. ஆங்கில ப்ளூஸுக்கும் அது வேண்டும். ராவெல்லாம், சாவி என்ற எதுகை தமிழ்க் காதுக்காக. முதல் வரியை இரண்டு பாருக்குள், அதாவது எட்டு அடிக்குள் முடியுங்கள். மூன்றாவது, நான்காவது பாரில் வாய் மூடியிருக்க வேண்டும். முதல் வரி பொதுவாக, எல்லோரும் பார்க்கிற காட்சியாக இருக்கட்டும். மூன்றாவது வரியில்தான் பாடுகிறவர் உள்ளே வர வேண்டும். முதல் வரியிலேயே சங்கதியைச் சொல்லிவிட்டால் அதைத் திருப்பிப் பாடும்போது கேட்கிறவர் கொட்டாவி விடுவார். மூன்றாவது வரி முதல் வரியையே விளக்கிக்கொண்டிருந்தாலும் அதே கதிதான்.

தனியாக வாசித்துப் பழகியவர்கள் குழுவோடு சேரும்போது ஒரு சண்டை நிச்சயம். ஜான் லீ ஹூக்கர், லைட்னின் ஹாப்கின்ஸ் போன்ற பழைய ஆட்கள் பன்னிரண்டு பாரை அளந்து வாசித்ததில்லை. வரி முடிந்ததும் மனசு வந்தபோது கார்டை மாற்றுவார்கள், பதினொன்றரை பாரும் வரும், பதின்மூன்றும் வரும். தனிக் கிட்டாருக்கு அது அழகு. பேஸும் ட்ரம்ஸும் வந்துவிட்டால் எல்லோரும் ஒரே இடத்தில் திரும்ப வேண்டும்.

கேட்கும் வரிசை

ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிடுவதைவிட, ஆரம்பத்தில் ஜோடி ஜோடியாகக் கேட்பது பலன் தரும். 1929-ன் கான்சஸ் ஜோ, மெம்ஃபிஸ் மின்னி பதிவு. உடனே ஒன்பதாவது பாட்டு. மட்டி வாட்டர்ஸின் 1950 பதிவு. உடனே மூன்றாவது பாட்டு. எஸ்டஸின் 1935 பதிவு, உடனே ஐந்தாவது. பழைய பதிவுகள் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஏனென்றால் நிமிடத்துக்கு 78 சுழற்சி போகும் அந்தக் காலத் தட்டின் ஒரு பக்கம் கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான். மெட்ரோனோம் 120 என்றால் ஒரு சுற்று 24 விநாடி; முன்னிசை போக ஆறேழு கண்ணிக்கு மேல் இடமில்லை. டிலனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சராசரியாக ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். அந்த உபரி இடத்தில்தான் டிம்ராடும் ஓவிட்டும் அலிசியா கீஸும் வந்து உட்காருகிறார்கள்.

பத்தாவது பாட்டு 'எய்ன்ட் டாக்கின்' கடைசியில் தனியாகக் கேளுங்கள். பேசாமல் நடந்துகொண்டே இருப்பதாக வரும் பல்லவி ஸ்டான்லி பிரதர்ஸ் பாடிய 'ஹைவே ஆஃப் ரிக்ரெட்' பாட்டின் பல்லவியிலிருந்து வந்தது. எட்டே முக்கால் நிமிடமும் மைனர் கட்டையில், சாதாரண காந்தாரத்திலேயே நடக்கிறது. குரல் ஓய்ந்த பிறகு வரும் கடைசிக் கார்ட் மட்டும் மேஜர். காந்தாரம் அந்தரத்துக்கு ஏறி நிற்கிறது. அந்த ஒரு ஸ்வரம் மெல்லத்தான் வரும். பாட்டு முடிந்தது என்று நினைத்து அடுத்ததைத் தட்டிவிடாதீர்கள்.